இரண்டு கூட்டத்து ஆள்

கையிலும் காலிலும் நீலம் நீலமாகத் தடம் விழுந்தபோது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் தென்னை நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறேன். ஏணி, மட்டை, விதைத் தேங்காய்க் குவியல் என்று நாள் முழுக்க எதிலாவது இடித்துக்கொள்கிற பிழைப்பு. பல் துலக்கும்போது ரத்தம் வந்தது, பிரஷ்ஷை மாற்றினேன். பண்ணையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தால் மூச்சு வாங்கியது. நாற்பது தாண்டினால் அப்படித்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்த என்னை, ஒரு நாள் காலையில் மூக்கிலிருந்து ரத்தம் நிற்காமல் வரவும், என் மனைவி கலாமணி காரில் ஏற்றிக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனாள்.

மருத்துவமனையில் முதலில் ரத்தம் எடுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு மறுபடியும் எடுத்தார்கள். இரண்டாவது தடவை வந்த நர்ஸ் என்னைப் பார்த்த பார்வையிலேயே விஷயம் சரியில்லை என்று தெரிந்துபோனது. மறுநாள் குப்புறப் படுக்கவைத்து, இடுப்பெலும்பு மரத்துப்போக ஊசி போட்டு, உள்ளேயிருந்து கொஞ்சம் மஜ்ஜையை உறிஞ்சி எடுத்தார்கள். மரத்துப்போகும் என்று அவர்கள்தான் சொன்னார்கள், எனக்கு ஒன்றும் மரத்துப்போகவில்லை. நான் போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்த கலாமணி எழுந்து நின்றுவிட்டாளாம்.

ரத்த நோய்களுக்கான டாக்டர் ஒரு அம்மா. திருச்சிக்காரர். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் டாக்டரம்மா ஆகிவிட்டார். அவர் பொறுமையாக விளக்கினார். எலும்புக்குள்ளே இருக்கிற மஜ்ஜையில்தான் ரத்தம் தயாராகிறது. மூச்சுக்காற்றைச் சுமக்கும் சிவப்பணு, கிருமியோடு சண்டை போடும் வெள்ளையணு, ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட், மூன்றுக்கும் அதுதான் பிறந்த இடம். எனக்கு அங்கே உற்பத்தி நின்றுவிட்டது.

“ஃபேக்டரி இருக்கு, மெஷின் இருக்கு, வேலைக்குத்தான் யாரும் வரலை. அந்த மாதிரின்னு வெச்சுக்குங்க” என்றார். கோயமுத்தூரில் வைத்தியம் பார்க்கிற டாக்டருக்கு உதாரணம் வேறு எங்கிருந்து வரும்.

நோய்க்கு ஏப்ளாஸ்டிக் அனீமியா என்று பெயர். உடம்பைக் காவல் காக்க வேண்டிய செல்களே மஜ்ஜையைப் பகையாளி என்று நினைத்து அடித்துப்போடுகின்றனவாம். அந்தக் காவல்காரர்களை மருந்தால் அடக்கிவைப்பது ஒரு வழி. சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. நன்றாகப் பொருந்துகிற இன்னொருவரின் மஜ்ஜையை வாங்கி எனக்குள் ஏற்றுவது இரண்டாவது வழி. என் நிலைமைக்கு அதுதான் நல்லது என்று டாக்டரம்மா நினைத்தார்.

“கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?” என்று கேட்டார்.

“யாருமில்லீங்க டாக்டர். நானு ஒத்தப் பையன்.”

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. எங்கள் ஊர்ப்பக்கம் இது சாதாரண விஷயம். காடு தோட்டம் துண்டாகிவிடக் கூடாது என்று என் அப்பா தலைமுறையிலேயே ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். என் மகள் யாழினியும் ஒற்றைதான். சொத்துக்குப் பங்கு கேட்க ஆளில்லை என்று பெருமைப்பட்ட குடும்பம், மஜ்ஜையில் பங்கு கொடுக்க ஆளில்லாமல் அன்றைக்கு டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தது. அப்பா இப்போது இல்லை. அம்மாவுக்கும் யாழினிக்கும் பாதிதான் பொருந்தும், அதில் ஆபத்து அதிகம், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம் என்றார் டாக்டரம்மா.

பொருத்தம் என்றால் ரத்த வகைப் பொருத்தம் இல்லை. ஒவ்வொரு செல்லின் மேலும் எச்.எல்.ஏ. என்று ஒரு அடையாளம் ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் நம் ஆள், வெளி ஆள் என்று காவல்காரச் செல்கள் பிரித்துக்கொள்கின்றன. அப்பாவிடமிருந்து ஒரு கட்டு, அம்மாவிடமிருந்து ஒரு கட்டு. உலகத்தில் இந்த அடையாளம் ஆயிரக்கணக்கான வகைகளில் இருப்பதால் முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு ஒத்துப்போவது குதிரைக்கொம்பு.

“ஏனுங்க டாக்டர், இத்தன வகை எதுக்குங்க?” என்று கேட்டேன். சாகப் போகிற பயத்தில் இருக்கிறவன் கேட்கிற கேள்வியா இது என்று கலாமணி என்னை முறைத்தாள். டாக்டரம்மாவுக்கோ கேள்வி பிடித்துவிட்டது.

“எல்லாருக்கும் ஒரே வகையா இருந்திருந்தா மனுஷங்களை முடிக்க ஒரே ஒரு கிருமி போதும். கொள்ளைநோய் வந்தப்பல்லாம் கொஞ்சம் பேர் தப்பிச்சாங்க. அவங்க அடையாளம் வேற மாதிரி இருந்ததும் அதுக்கு ஒரு காரணம். தப்பிச்சவங்க வம்சம்தான் நாமெல்லாம். இனிமே வரப்போற நோய்க்கும் இந்த வித்தியாசம்தான் நம்ம கையிருப்பு.”

எனக்குச் சட்டென்று புரிந்தது. தோட்டம் முழுக்க ஒரே ரகம் வைக்காதீர்கள் என்று நாற்று வாங்க வருகிறவர்களிடம் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்கிறவன் நான். வாடல் நோய் வருகிற வருஷம் ஒரே ரகத் தோட்டம் மொத்தமாக மஞ்சளாகிவிடும். நாலு ரகம் கலந்து வைத்தவனுக்கு நாலு மரமாவது நிற்கும். ஆக, மனித குலத்தைக் காப்பாற்றி வந்த அதே ஏற்பாடுதான் எனக்கு மஜ்ஜை கிடைக்காமல் செய்கிறது. அந்தப் பயத்துக்கு நடுவிலும் அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது.

மருத்துவமனையிலேயே படுக்கவைத்துவிட்டார்கள். சிவப்பணுவும் பிளேட்லெட்டும் மாறி மாறி ஏறின. உறவுக்காரர்கள் ரத்தம் கொடுக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாளைக்கு அவர்களில் ஒருவரின் மஜ்ஜையை ஏற்ற வேண்டி வந்தால், இப்போதே அவர்கள் ரத்தம் ஏறியிருந்தால் என் உடம்பு அதை அடையாளம் வைத்துக்கொண்டு எதிர்க்குமாம். இதைக் கேட்டு என் உறவுகள் அடைந்த மனவருத்தம் கொஞ்சநஞ்சமில்லை. யாரோ ஊர் பேர் தெரியாதவர் ரத்தம் ஆகும், எங்கள் ரத்தம் ஆகாதா என்று வராந்தாவில் பஞ்சாயத்தே நடந்தது. ஊர் பேர் தெரியாத அந்தப் புண்ணியவான்களின் ரத்தத்தில்தான் நான் அந்த மாதங்களை ஓட்டினேன்.

சாப்பாட்டை என் மாமன் மகன் தண்டபாணி கொண்டுவருவான். என்னைவிடச் சில மாதம் இளையவன். சோமனூரில் விசைத்தறி வைத்திருக்கிறான். காலையில் தறியை ஓட்டிவிட்டு, அத்தை சமைத்த சுடுசோற்றைக் கேரியரில் போட்டுக்கொண்டு காந்திபுரத்துக்கு பஸ் ஏறி, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து வந்து சேருவான். வந்ததும் முதல் வேலை என்னைக் கிண்டல் செய்வது. எங்கள் பக்கம் மச்சானும் மாப்பிள்ளையும் ஒருத்தரை ஒருத்தர் வாரிக்கொள்ளாவிட்டால் ஏதோ மனஸ்தாபம் என்று ஊரே பேசும்.

“என்னங்க மச்சான், இப்புடி வெளுத்துப்போட்டீங்க? துணிக்கடைப் பொம்மையாட்ட இருக்கறீங்க. காந்திபுரத்துல கொண்டுபோயி நிறுத்துனா நாலு வேட்டி விக்குமுங்க.”

ஊசியைக் கண்டால் மட்டும் அவனுக்கு ஆகாது. நர்ஸ் டிரேயோடு உள்ளே வந்தால், கேன்டீனில் போண்டா சூடாக இருக்கும் என்று எழுந்து போய்விடுவான்.

பில்லைப் பற்றி எழுதினால் இது துக்கக் கதையாகிவிடும். கலாமணி ஒரு பில்லைக்கூட என் கண்ணில் காட்டவில்லை என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். கல்லூரியிலிருந்து யாழினி வந்தால் பண்ணை நிலவரத்தைப் பொய் கலந்து சொல்லுவாள். எல்லாக் கன்றும் நன்றாக இருக்கிறது என்று ஒரு நாற்றுப் பண்ணைக்காரனிடம் சொன்னால் அது பொய் என்று தெரியாதா? ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது.

எனக்கு ஆள் தேடுகிற செய்தி நாச்சிமுத்துப் பெரியப்பாவின் காதுக்குப் போனது. அவர் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், எங்கள் கூட்டத்துக் கோயிலுக்குத் தலைவர். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கூட்டம் என்றால் ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிற தந்தை வழிச் சொந்தம். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் எத்தனை தலைமுறை தள்ளியிருந்தாலும் அண்ணன் தம்பி, அக்கா தங்கைதான். அவர்கள் பங்காளிகள், தங்களுக்குள் பெண் எடுக்க மாட்டார்கள். வேறு கூட்டத்தோடு பெண் கொடுத்து எடுத்த வகையில் வருகிறவர்கள் மாமன் மச்சான்கள். பங்காளி செய்ய வேண்டிய காரியம் வேறு, மச்சான் செய்ய வேண்டிய காரியம் வேறு. ஒருத்தர் காரியத்தில் இன்னொருத்தர் புகுந்தால் அது மரியாதைக் குறைவு.

பெரியப்பா போனில் கேட்டார்: “ஏஞ்சாமி, ஒடம்பு ஒத்துப்போற சொந்தமா இருக்கோணும்ங்கறாங்களா?”

“ஆமாங்க பெரியப்பா.”

“அப்பறம் என்னத்துக்குக் கண்ணு கவலைப்படறே? நம்ம கூட்டத்துல இருக்கற அத்தன பேருக்கும் ஓடறது ஒரே ரத்தந்தான. எல்லாத்தையும் கூட்டிப்போடறேன்.”

தூரத்துப் பங்காளிகளில் பொருத்தம் கிடைப்பது அபூர்வம் என்று டாக்டரம்மா சொல்லிப் பார்த்தார். பெரியப்பா கோயில் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பைப் போட்டே விட்டார். கடைசியில் டாக்டரம்மாவே ஒரு வழி செய்தார். மஜ்ஜை கொடுக்க முன்வருகிறவர்களின் பெயரைப் பதிவு செய்துவைக்கிற தொண்டு அமைப்பு ஒன்று இருந்தது. அதன் ஆட்கள் வந்து கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்துக்கொள்வார்கள். எனக்குப் பொருந்தாவிட்டாலும் வேறு யாருக்காவது பிற்பாடு உதவும்.

ஞாயிற்றுக்கிழமை உடுமலையில் கல்யாண மண்டபத்தில் முகாம். நான் படுக்கையிலிருந்து யாழினியின் வீடியோ காலில் பார்த்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சிரித்ததில்லை. எங்கள் ஆட்கள் எந்தக் காரியத்துக்குக் கூடினாலும் முதலில் பந்தி. இட்லி, பொங்கல், கேசரி, காபி. நூற்றுக்கணக்கான பங்காளிகள் வயிறாரச் சாப்பிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு வரிசையில் வந்து வாயைத் திறந்தார்கள். பஞ்சுக் குச்சியோடு நின்ற பெண் பயந்துபோனாள். துடைப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் எதுவும் சாப்பிடக் கூடாதாம். கேசரியைத்தான் பரிசோதிக்க முடியும் என்றாள். அப்புறம் மொத்தக் கூட்டமும் கை கழுவுகிற இடத்தில் நின்று வாய் கொப்பளித்தது. பெரியவர்கள் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, கோயிலில் நிற்கிற பக்தியோடு நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்து காத்திருந்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தவன் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை பேர் எனக்காக வாயைத் திறந்தார்கள்.

அந்த வீடியோவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தியில் பொங்கல் பரிமாறிக்கொண்டிருந்தவன் தண்டபாணி. அவனும் வரிசையில் நிற்கட்டுமா என்று யாழினி கேட்டிருக்கிறாள்.

“அதெப்படி அம்மணி? இது பங்காளிக காரியம். மாப்பிள்ளை பந்தியப் பாத்துக்கட்டும்” என்று பெரியப்பா சொல்லிவிட்டார். தண்டபாணிக்கும் அது சௌகரியமாக இருந்தது.

முடிவு வரச் சில வாரம் ஆனது. ஒருவர்கூடப் பொருந்தவில்லை. ஊர் உலகத்துப் பதிவேடுகளிலும் தேடியாகிவிட்டது. அங்கேயும் முழுப் பொருத்தம் இல்லை. டாக்டரம்மா அதைச் சொல்லிவிட்டுப் போன பிறகு நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். சாவதைவிட, யாழினி தனியாக நிற்பாளே என்பதுதான் தாங்கவில்லை. எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை என்றால் அவளுக்குச் சித்தப்பாவும் இல்லை, அத்தையும் இல்லை. அடுத்த தலைமுறையில் எங்கள் ஊரில் இந்த வார்த்தைகளே வெறும் வார்த்தைகளாகிவிடும். கலாமணி என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் டாக்டரம்மா ஒரு வெள்ளைத் தாளோடு வந்தார். “கடைசியா ஒரு தடவை, குடும்பத்தை முழுசாச் சொல்லுங்க. ஒருத்தரையும் விடாதீங்க.” ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் போட்டு வரைய ஆரம்பித்தார்.

“எங்கப்பாவுக்கு ஒரே தங்கச்சிங்க. எங்கம்மாவுக்கு ஒரே அண்ணனுங்க.”

“அந்த அத்தையை எங்கே கட்டிக்கொடுத்தாங்க?”

“எங்க மாமனுக்குத்தானுங்க. எங்கம்மாவ எங்கப்பாவுக்கு எடுத்தாங்க, எங்கத்தைய மாமனுக்குக் குடுத்தாங்க. பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்ததுங்க. ஒரே பந்தல்ல ரெண்டு கல்யாணம்.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“இதை ஏன் நீங்க முன்னாடியே சொல்லலை?”

“நீங்க கேக்கலீங்களே டாக்டர்.”

உண்மையிலேயே எனக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை. பங்காளிகளிலேயே கிடைக்காதது மச்சான் வீட்டில் எப்படிக் கிடைக்கும்? அது வேறு கூட்டமாயிற்றே. நானும் பெரியப்பாவும் எங்கள் மொத்தச் சனமும் அப்படித்தான் நம்பினோம்.

“அத்தைக்கு எத்தனை பிள்ளைங்க?”

“ஒருத்தன் இருக்கறானுங்க. இப்பக் கீழ கேன்டீன்ல போண்டா தின்னுட்டு இருப்பான்.”

டாக்டரம்மா தாளை என் பக்கம் திருப்பினார். எனக்கும் தண்டபாணிக்கும் நாலு தாத்தா பாட்டியும் ஒன்றுதான். அவனுடைய அப்பாவழித் தாத்தா எனக்கு அம்மாவழித் தாத்தா. கூடப் பிறந்தவர்களுக்கு நாலில் ஒரு வாய்ப்பு என்றால், இப்படி இரண்டு பக்கமும் சொந்தமானவர்களுக்குப் பதினாறில் ஒரு வாய்ப்பு உண்டு. பங்காளிகளுக்கு ஏன் பொருந்தவில்லை என்பதையும் சொன்னார். கூட்டம் அப்பாவிடமிருந்து மகனுக்கு என்று ஆண் வழியாகவே வருகிறது. அப்படியே ஆண் வழியாக மட்டும் வருகிற ஒரு குரோமோசோமும் நம் உடம்பில் இருக்கிறது, ஒய் என்று பெயர். பங்காளிகளுக்குள்ளே ஒற்றுமை அந்த ஒன்றில்தான் பெரும்பாலும். மஜ்ஜைப் பொருத்தத்தின் அடையாளங்கள் வேறொரு குரோமோசோமில் உட்கார்ந்திருக்கின்றன. அதில் அம்மாவுக்கும் சரிபாதி பங்கு. தலைமுறை தலைமுறையாக வந்து சேர்ந்த பெண்கள் அதை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

“இதைக் கேட்டுட்டு சொந்தத்துலயே கட்டுங்கன்னு ஊர்ல போய்ச் சொல்லிடாதீங்க. நோயும் அந்த வழியா வரும். உங்க ரெண்டு குடும்பமும் அதுக்கு முன்னாடி சொந்தமில்லைங்கறது நல்ல விஷயம்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் தொழிலே இதுதான். நெட்டைத் தென்னையின் பாளையில் குட்டையின் மகரந்தத்தைத் தூவினால் ஒரு கலப்பு. குட்டையின் பாளையில் நெட்டையின் மகரந்தத்தைத் தூவினால் அதையே திருப்பிப் போட்ட கலப்பு. தாயும் தகப்பனும் இடம் மாறியிருக்கும், சரக்கு அதேதான். இரண்டையும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் வைத்து விற்கிறவன் நான். நானும் தண்டபாணியும் அப்படி இரண்டு கன்றுகள் என்பது எனக்கு இத்தனை வருஷம் உறைக்கவேயில்லை.

கலாமணி போய் அவனைக் கேன்டீனிலிருந்து அழைத்து வந்தாள். டாக்டரம்மா விஷயத்தைச் சொன்னார். அவன் முகம் என் முகத்தைவிட வெளுத்தது.

“ஊசியுங்களா?”

“இப்போதைக்குக் கொஞ்சம் ரத்தம் மட்டும். பொருந்தினா, மயக்கம் கொடுத்துட்டு இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுப்போம். எடுக்கறப்ப ஒண்ணும் தெரியாது.”

“மயக்கம் குடுக்கறதுக்கும் ஊசிதானுங்களே” என்றான். பிறகு என்னைப் பார்த்தான். சட்டைக் கையை மடித்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினான். ரத்தம் எடுத்து முடிந்து நர்ஸ் போன பிறகும் அவன் கண்ணைத் திறக்கவில்லை. கலாமணிதான் தோளைத் தட்டி முடிந்துவிட்டது என்று சொன்னாள்.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். “மேட்ச். ஃபுல் மேட்ச்” என்றார். கலாமணி அந்தம்மா கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் தண்டபாணியைக் கூப்பிட்டேன். பின்னால் தறிச் சத்தம் காதைப் பிளந்தது. இரண்டு தடவை சொன்ன பிறகு தறிகள் ஒவ்வொன்றாக நிற்கிற சத்தம் கேட்டது. முழுக்க அமைதியான பிறகு அவன் சொன்னான், “வாரனுங்க மச்சான்.” அவ்வளவுதான். அவன் என்னைக் கிண்டல் செய்யாமல் போனை வைத்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

மஜ்ஜை மாற்று என்றால் பெரிய அறுவை சிகிச்சை என்று நான் நினைத்திருந்தேன். எனக்கு அறுவை எதுவுமில்லை. முதலில் மருந்து ஏற்றி, என் பழைய காவல்காரச் செல்களை ஒழித்துக்கட்டினார்கள். அந்த நாட்கள் மோசம். வாயெல்லாம் புண், தலைமுடி தலையணையோடு வந்தது. கிருமி புகாத தனி அறை. வருகிறவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான். தென்னைக்காரனுக்குத் தேங்காய்ச் சட்னி கிடையாது, குக்கரில் வேகவைத்த பொருள் மட்டும்தான். எனக்கு இருந்த பயத்தை இப்போதும் எழுதத் தெரியவில்லை. பழையது போய்விட்டது, புதியது வரவில்லை. நடுவில் எனக்கென்று ஒரு சொட்டு ரத்தத்தை உண்டாக்கக்கூட என்னிடம் ஒன்றுமில்லை.

அப்புறம் ஒரு பை வந்தது. அடர் சிவப்பு. கீழ்த்தளத்தில் தண்டபாணியை மயக்கிப் படுக்கவைத்து எடுத்தது. ரத்தம் ஏற்றுகிற மாதிரியே குழாய் வழியாகச் சாதாரணமாக ஏறியது. கையெடுத்துக் கும்பிட்டேன். அந்தச் செல்களுக்கு வழி யாரும் சொல்ல வேண்டாமாம். ரத்தத்தோடு ஓடிப்போய், எலும்பைத் தானாகவே கண்டுபிடித்து உள்ளே குடியேறிக்கொள்ளுமாம். இன்றைக்குத்தான் உங்களுக்குப் பிறந்த நாள் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்டில் எல்லோருக்கும் அப்படிச் சொல்லுவார்களாம்.

இரண்டு நாள் கழித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு தண்டபாணி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். பேசுவதற்கு ஒரு போன் உண்டு.

“எப்படி இருக்குதுங்க மச்சான்? உள்ள போன ஆளுக வேலை செய்யறாங்களா, இல்ல என்னையாட்ட போண்டா தின்னுட்டு உக்காந்திருக்கறாங்களா?”

அவர்கள் உட்கார்ந்துதான் இருந்தார்கள். தினமும் காலையில் ரத்தம் எடுப்பார்கள், வெள்ளையணு பூஜ்யம். மறுநாளும் பூஜ்யம். விதைத் தேங்காயைப் பாத்தியில் வைத்தவன் தோண்டித் தோண்டிப் பார்க்கக் கூடாது, முளைக்கும்போது முளைக்கும் என்று நானே பலருக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன். என் விஷயத்தில் அந்தப் புத்தி எடுபடவில்லை. நர்ஸ் உள்ளே வரும்போதே முகத்தைப் பார்ப்பேன். ஒரு நாள் காலையில் அவர் முகமூடிக்கு மேலே கண் சிரித்தது. வெள்ளையணு தலைகாட்டியிருந்தது. கொஞ்சம்தான், ஆனால் இருந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். கண்ணாடிக்கு வெளியே கலாமணியும் யாழினியும் ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டு குதித்ததைப் பார்த்தேன். சத்தம்தான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சில மாதங்கள் கழித்து ஒரு முக்கியமான பரிசோதனை. என் ரத்தத்தில் யாருடைய மரபணு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. அதற்குப் பெரியப்பாவும் கூட வந்தார். டாக்டரம்மா முடிவைப் பார்த்துவிட்டுச் சொன்னார், “முழுக்க முழுக்க உங்க மச்சானோடது. ரத்த வகையும் மாறிடுச்சு. பி பாசிட்டிவ் போய் ஓ பாசிட்டிவ். உங்க ரத்தத்துல இப்ப நீங்க இல்லை.”

இதைவிட நல்ல சேதியை நான் கேட்டதில்லை. பெரியப்பா மட்டும் யோசனையில் இருந்தார்.

“ஏனுங்க டாக்டரம்மா, ஆம்பளை வழியா வார குரோமோசோம்னு என்னமோ சொன்னீங்களாமா. இவன் ரத்தத்துல அதுவும் மாறிப்போச்சுங்களா?”

“ஆமாங்க ஐயா. ரத்தத்துல மாறிடுச்சு.”

“அப்ப இவன் எந்தக் கூட்டமுங்க?”

டாக்டரம்மா சிரிக்காமல் பதில் சொன்னதற்காக அவரை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். “ரத்தம் மாமன் வீட்டுது. தோல், முடி, மூளை எல்லாம் உங்க வீட்டுது. இனி ஒரு பிள்ளை பிறந்தாலும் உங்க வழியாத்தான். எந்தக் கூட்டம்னு பாக்கற டெஸ்ட் எங்க லேப்ல இல்லைங்க ஐயா.”

காருக்கு வந்ததும் கலாமணி தன் பங்குக்குக் குழப்பத்தைக் கூட்டினாள். அவள் பிறந்ததும் தண்டபாணியின் கூட்டத்தில்தான்.

“ஏனுங், அப்ப நாம ரெண்டு பேரும் இப்ப ஒரே கூட்டமாட்ட இருக்குதுங்களே. இனி உங்கள அண்ணான்னு கூப்படோணுமாக்கும்?”

பெரியப்பா பதறிப்போய், “அம்மணி, அந்தப் பேச்செல்லாம் வேண்டாம்” என்றார். அப்புறம் தீர்ப்பைச் சொன்னார். “எதுக்குடா வம்பு? ரெண்டு கோயில்லயும் பொங்கல் வெச்சுப்போடு.”

எங்கள் கோயிலில் நெரிசலில்லாத ஒரு நாளில் வைத்தேன். ஜன நெரிசலுக்குள் போகலாம் என்று டாக்டரம்மா அனுமதி கொடுத்ததும், காங்கேயம் பக்கம் இருக்கிற தண்டபாணி கூட்டத்துக் கோயிலுக்கும் போனோம். அது என் அம்மா பிறந்த கூட்டம். சின்ன வயசிலிருந்து அங்கே நான் விருந்தாளி. மாலை போட்டு உட்காரவைத்து முதல் பந்தியில் சோறு போடுவார்கள். அன்றைக்குத் தண்டபாணி என் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பங்காளிகள் வரிசையில் தனக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டான். வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த பெரியவர் என்னைப் பார்த்துவிட்டு நின்றார்.

“மருமகனுக்கு இங்க என்னங்க வேலை? அங்க நெழல்ல உக்காருங்க.”

“என்ற கூடப் பொறந்தவருங்க” என்றான் தண்டபாணி. “கொஞ்சம் தாமசமாப் பொறந்துட்டாரு.”

பெரியவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஊருக்கே தெரிந்த கதை அவருக்குத் தெரியாமலா இருக்கும்? என் நெற்றியிலும் திருநீறு பூசிவிட்டு அடுத்த ஆளிடம் போனார். தண்டபாணி முன்னால் கண் கலங்கினால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான் என்பதால் நான் முந்திக்கொண்டேன்.

“மாப்ள, பங்காளின்னு சொல்லிப்போட்டே. அப்ப நானுதான் மூத்தவன். இனிமேப்பட்டு இந்தக் கிண்டலெல்லாம் ஆகாது. அண்ணான்னு மரியாதையாக் கூப்படோணும்.”

“உங்க ரத்தத்துக்கு இன்னும் ஒரு வயசு முடியலீங்க மச்சான்” என்றான். “கணக்குப்படி நானுதான் அண்ணன். மரியாதையா நடந்துக்குங்க.”